மலிவுக் கணினியும் நமது சங்கங்களும்

கணினியின் விலை வெகுவாக இறங்கிவிட்டது. முன்னாளில் பெரிய காரியாலயங்களும் பாங்குகளும் மட்டுமே வாங்கக் கூடியதாயிருந்த இச்சாதனம், இன்று ஒரு முகூர்த்தப் பட்டுப் புடவையின் விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது. ஆயினும், அதைக் கொண்டு பிழைப்பை உயர்த்திக் கொண்டோர் ஒரு கரையிலும், அதைக் கண்டு ஒதுங்கி நிற்போர் மறு கரையிலுமாக நமது சமூகம் பிரிந்து நிற்கும் நிலை மாறவில்லை. விலை இறங்கியும் இடைவெளி ஏன் சுருங்கவில்லை? காஞ்சிபுரத்து நெசவாளர் சங்கங்களிலும், சுற்று வட்டாரத்து விவசாயச் சங்கங்களிலும் அங்கத்தினராயுள்ள நாம் இக்கேள்வியை நமக்கே உரிய முறையில் ஆராய வேண்டும் என்பது என் அபிப்பிராயம். வீட்டுக்கு வீடு மலிவான கருவி ஒன்றைக் கொடுத்துவிடுவதால் இப்பள்ளம் தூர்ந்துவிடாது. கடனையும் பட்டையும் ஜரிகையையும் எவ்வாறு கூடி வாங்கினோமோ, அவ்வாறே கணினியையும் கூடி வாங்கிக் கூடி ஆள வேண்டும். இதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூடி ஆளும் வழக்கம் காஞ்சிபுரத்திற்குப் புதியதன்று. 1904-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு அக்டோபர் மாதத்திலேயே, நகரக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுள் இந்தியாவிலேயே முதலாவதாகப் பதிவு பெற்றது நமது காஞ்சிபுரத்துச் சங்கம். அந்நாளில் இந்நாட்டு உழைப்பாளிக்குக் கடன் கிடைக்காமல் இல்லை. வட்டிக்குக் கொடுப்போர் வாசற்படிக்கே வந்து கொடுத்தனர். கடன் எவர் கையில் இருந்தது, எவருடைய ஏட்டில் எழுதப்பட்டது, அந்த ஏட்டைக் கடன்பட்டவன் புரட்டிப் பார்க்க முடிந்ததா என்பனவே அன்றைய கேள்விகள். இன்று கணினியைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகளும் இவையே.

‘வீட்டுக்கு வீடு கைப்பேசி இருக்கிறதே, இனியும் இடைவெளி என்ன?’ என்று சிலர் வினவுகின்றனர். பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் தறிச்சத்தம் கேட்கும் வீடுகளில் கைப்பேசியின் பாட்டும் உடன் கேட்பது உண்மையே. ஆனால் கைப்பேசி பெரும்பாலும் பார்ப்பதற்கும் கேட்பதற்கும் உதவும் கருவி. அதில் ஒரு முந்தானையின் வடிவத்தைக் கட்டம் கட்டமாக வரைய இயலாது. ஆறு மாதக் கூலிக் கணக்கை அடுக்கிப் பார்ப்பது கடினம். சங்கத்தின் சரக்கு முழுவதையும் விலைப்பட்டியலோடு வெளியூர்க்காரர் பார்க்குமாறு ஒழுங்கு செய்வதும் எளிதன்று. நெசவாளர் தம் கைப்பேசியில் பிறர் விற்கும் புடவைகளைக் காண்கிறார். விசைத்தறியில் நெய்த போலிச் சரக்கு, காஞ்சிப் பட்டு என்ற பெயரைத் தாங்கி அதே திரையில் வருகிறது. தாம் நெய்த கோர்வைப் புடவையை அத்திரையில் ஏற்றி வைக்க அவருக்கு வழி தெரியவில்லை. காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்று இருபது ஆண்டுகள் ஆகின்றன. அப்பெயரைச் சட்டம் காக்கிறது என்றாலும், சந்தையில் அதனைக் காட்டிப் பயனடைவோர் வேறு ஆட்களாக உள்ளனர். காண்பவனுக்கும் செய்பவனுக்கும் இடையே உள்ள இத்தூரத்தையே நான் பள்ளம் என்கிறேன்.

மலிவுக் கணினியால் இப்பள்ளத்தை நிரப்ப முயன்றோர் பலர். 2005-ம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர் நிக்கலஸ் நெக்ரோபான்டி, உலகத்து ஏழைக் குழந்தை ஒவ்வொன்றிற்கும் நூறு டாலரில் ஒரு மடிக்கணினி என்று அறிவித்தார். 2007-ல் அது உற்பத்தியாகி வெளிவந்தபோது விலை நூற்றெண்பது டாலரைத் தாண்டியிருந்தது. நம் நாட்டில் 2011-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி ‘ஆகாஷ்’ என்ற பலகைக் கணினி டில்லியில் வெளியிடப்பட்டது. உலகிலேயே மலிவானது என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. கைக்கு வந்தபின் அதன் மந்தமும், அழுத்தினாலன்றி அசையாத திரையும், விரைவில் தீர்ந்துபோகும் மின்கலமும் மாணவர்களைச் சலிப்படையச் செய்தன. மலிவாக்க வேண்டும் என்பதற்காகப் பயனைக் குறைத்த கருவி, எவ்வளவு மலிவாயினும் வீண் செலவே.

இவற்றிற்கு முன்பே, பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தைச் சார்ந்த பேராசிரியர்கள் சிலரும் ஒரு மென்பொருள் நிறுவனத்தாரும் கூடி ‘சிம்ப்யூட்டர்’ என்ற கையடக்கக் கணினியை உருவாக்கினர். 2001-ல் அறிவிக்கப்பட்டு 2004-ல் விற்பனைக்கு வந்த அக்கருவி எதிர்பார்த்த அளவு விலை போகவில்லை. ஆனால் அதில் இருந்த ஒரு யோசனை நமது கவனத்திற்கு உரியது. தனித்தனியே வாங்க வசதியற்ற கிராம மக்கள் ஒரே கருவியைப் பலராகப் பயன்படுத்தலாம். ஒவ்வொருவரும் தத்தம் விவரங்களைத் தமக்குரிய சிறு அட்டையில் சேமித்துக் கொண்டு, அட்டையைச் செருகும்போது கருவி அவருடையதாகிவிடும் என்று அதனை வகுத்தோர் எண்ணினர். எண்ணம் கூட்டுறவினுடையது, அதை ஏந்தி நடத்தக் கூட்டுறவுச் சங்கம்தான் உடன் இருக்கவில்லை. பொதுக் கருவிக்குப் பொதுவான உடைமைக்காரர் ஒருவர் வேண்டும் அன்றோ?

இவ்வகையில் தமிழ்நாட்டின் சொந்த அனுபவமும் உண்டு. 2001-ம் ஆண்டின் இறுதியில் மதுரை மாவட்டத்து மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய நிலையங்கள் தொடங்கப்பட்டன. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவினர் உருவாக்கிய கம்பியில்லாத் தொலைபேசி முறையே அவற்றிற்கு ஆதாரம். அமெரிக்காவின் ஹார்வர்டு, மாசாசூசெட்ஸ் கல்வி நிலையங்களும் அம்முயற்சியில் பங்கு கொண்டன. கடன் வாங்கி முதலீடு செய்த தனி நபர்கள் பெரும்பாலான நிலையங்களை நடத்தினர். சான்றிதழ் விண்ணப்பங்களை அங்கிருந்தே அனுப்பலாம். அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணின் படத்தை அனுப்பி யோசனை கேட்கலாம். மக்கள் வரவேற்றனர். எனினும் சில ஆண்டுகளுக்குள் நிலையங்களிற் பெரும்பகுதி மூடப்பட்டது. வருமானம் செலவுக்குக் கட்டவில்லை, பழுதானால் பார்ப்பாரில்லை, ஆர்வம் கொண்ட அதிகாரிகள் மாறிப் போனபின் தாலுகா காரியாலயத்தின் ஒத்துழைப்பும் தேய்ந்தது. முறையான பயிற்சி பெற்றவர் நடத்திய நிலையங்கள் மட்டும் மற்றவற்றைவிட நெடுநாள் தாக்குப் பிடித்தன என்று பின்னர் ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். இவ்வனுபவத்தில் கருவியின் விலை எந்த இடத்திலும் தோல்விக்குக் காரணமாகப் பேசப்படவில்லை என்பதைக் கவனிக்க.

புதுச்சேரியில் நடந்தது வேறு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை நடுவிடமாகக் கொண்டு கிராம அறிவு மையங்களை ஏற்படுத்தியது. இடம் ஊரார் கொடுக்க வேண்டும். சாதியாலோ ஆண் பெண் என்ற வேற்றுமையாலோ எவரையும் வெளியே நிறுத்தலாகாது. நடத்துவோர் உள்ளூர்க்காரராயிருக்க வேண்டும் என்பன நிபந்தனைகள். எம்பலத்தில் கோயிலைச் சார்ந்த இடத்திலேயே மையம் அமைந்தது. வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு, அமெரிக்கக் கடற்படையார் இணையத்தில் வெளியிடும் அலையின் உயரக் குறிப்பைக் கணினியில் இறக்கி, ஒலிபெருக்கி வழியே தமிழில் அறிவித்தனர். 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை வந்தபோது நல்லவாடு கிராமத்தில் இம்மையத்தின் ஒலிபெருக்கிதான் ஊரை எச்சரித்தது. சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த ஒரு சொல், சில நிமிடங்களில் ஊர் முழுவதற்கும் எட்டியது. மக்கள் கரையை விட்டு ஓடிப் பிழைத்தனர். ஓர் ஒலிபெருக்கியின் விலை என்ன? ஆனால் அது எல்லோருக்கும் பொதுவான இடத்தில், எல்லோரும் அறிந்த ஒருவர் கையில் இருந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். கணினி நெசவாளர்க்கு அந்நியப் பொருள் என்று எவரேனும் கூறினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தறியின் மேலே தொங்கும் ஜக்கார்டுப் பெட்டியை அண்ணாந்து பாருங்கள். பிரான்சு தேசத்து லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு என்பவர் 1804-ம் ஆண்டையொட்டி அமைத்த கருவி அது. அட்டையில் துளை இருந்தால் இழை எழும்பும். துளை இல்லையேல் எழும்பாது. உண்டு, இல்லை என்ற இரண்டே சொற்களால் அன்னமும் மயிலும் உருத்திராட்சமும் கரையில் மலர்கின்றன. இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணக்கிடும் இயந்திரத்திற்கு இவ்வட்டையையே கடன் வாங்கினார். 1890-ல் அமெரிக்காவின் ஜனத்தொகைக் கணக்கு ஹெர்மன் ஹாலரித் என்பவரின் துளை அட்டை இயந்திரங்களால் எண்ணி முடிக்கப்பட்டது. இன்றைய கணினியும் அடிப்படையில் உண்டு, இல்லை என்ற அதே பாஷையைத்தான் பேசுகிறது. அடை கட்டி, இழைகளைத் தூக்கிக் கொடுக்கத் தறியருகே ஒருவரை அமர்த்திக் கொண்டு நெய்த காலத்திலிருந்து ஜக்கார்டுக்கு மாறியபோது நம் பெரியவர்கள் இந்தப் பாஷையைக் கற்றுக் கொண்டார்கள். பேரப்பிள்ளைகளுக்கு இது கைவராது என்பது எங்ஙனம் பொருந்தும்?

வடிவமைப்புத் துறையில்தான் இன்று நாம் பெரிதும் இழக்கிறோம் என்பது என் கருத்து. முன்பு வடிவக்காரர் கட்டத்தாளில் வண்ணம் தீட்டிக் கொடுப்பார். அதைப் பார்த்து, ஊடை ஒன்றுக்கு அட்டை ஒன்றாகத் துளையிட்டுக் கோத்துத் தறியேற்றுவர். கட்டத்தாள் சங்கத்தின் பீரோவில் இருக்கும். இப்போது வடிவம் கணினியில் பிறக்கிறது. மின்னணு ஜக்கார்டு பொருத்திய தறியில் அட்டையே கிடையாது. விரல் நீளமுள்ள ஒரு சேமிப்பான் போதும். இதனால் வேலை எளிதாயிற்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வடிவத்தின் மூலக் கோப்பு எங்கே இருக்கிறது? சங்கம் கூலி கொடுத்து வெளியாரிடம் வரைவித்த வடிவம், வரைந்தவரின் கணினியிலேயே தங்கிவிடுகிறது. அடுத்த முறை சிறு திருத்தம் வேண்டினாலும் அவரிடமே செல்ல வேண்டும். அதே கோப்பு நாளை எந்த விசைத்தறிக் கூடத்திற்குப் போகும் என்பதை எவரும் தடுக்க முடியாது. விரல் நீளப் பொருளில் அடங்கும் சொத்து, விரல் நீளப் பொருளாகவே களவும் போகும்.

சங்கத்திற்குச் சொந்தமான ஒரு கணினியும், அதில் வடிவம் வரையத் தெரிந்த நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் இருவரும் இருந்தால் இந்நிலை மாறும். இதற்கு விலை உயர்ந்த மென்பொருள் வேண்டும் என்று அஞ்ச வேண்டியதில்லை. மத்திய அரசின் மின்னணு அமைச்சகத்தைச் சார்ந்த டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் ‘டிஜிபுனாய்’ என்ற நெசவு வடிவமைப்பு மென்பொருளை உருவாக்கி விலையின்றி வழங்கியுள்ளது. மத்தியப் பிரதேசத்துச் சந்தேரி என்னும் நெசவாளர் ஊரில் 2010-ம் ஆண்டையொட்டி டிஜிட்டல் எம்பவர்மெண்ட் பவுண்டேஷன் என்ற ஸ்தாபனம் ‘சந்தேரியான்’ என்ற மையத்தைத் தொடங்கிப் பழைய வடிவங்களைக் கணினியில் தொகுக்கவும், நெசவாளர் பிள்ளைகள் புது வடிவங்களைக் கணினியில் வரையவும் வழி செய்தது. நம்மிடமோ காஞ்சிபுரத்திலேயே நெசவாளர் சேவை மையம் உள்ளது. அதன் ஓவியர்களின் துணையோடு நமது சங்கங்கள் தத்தம் பழம் புடவைகளின் கரைகளையும் முந்தானைகளையும் படமெடுத்து, கட்டமிட்டு, கோப்பாக்கிப் பூட்டி வைக்கலாம். புதிதாகப் பிறக்கும் வடிவங்களை 2000-ம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி சங்கத்தின் பெயரில் பதிவு செய்து கொண்டால் முதலில் பத்தாண்டுக்கும், புதுப்பித்தால் மேலும் ஐந்தாண்டுக்கும் உரிமை நிற்கும். பதிவுக்கு முன் வடிவம் வெளியே பரவிவிடலாகாது என்பது முக்கியம். மூலக் கோப்பு அயலார் கணினியில் இருக்கும்வரை இந்நிபந்தனையை எவ்வாறு காப்பது?

வடிவத்திற்கு அடுத்தபடி கணக்கு. இதைச் சற்று மனம் திறந்து பேச வேண்டியிருக்கிறது. அங்கத்தினருக்குப் பாவுக்கும் ஊடைக்கும் பட்டு நிறுத்துக் கொடுக்கப்படுகிறது. ஜரிகையும் நிறுத்துக் கொடுக்கப்படுகிறது. புடவை முடிந்து வந்ததும் அதையும் நிறுத்து, கழிவு கணக்கிட்டு, கூலி எழுதிச் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்திற்குரிய பிடித்தம் போகப் பாக்கியைக் கொடுக்கின்றனர். பல சங்கங்களில் இவையெல்லாம் இப்போது கணினியில்தான் பதிவாகின்றன. நன்று. ஆனால் அக்கணினியின் திரை எந்தப் பக்கம் பார்த்து வைக்கப்பட்டிருக்கிறது? குமாஸ்தாவின் பக்கம். அங்கத்தினர் மேசைக்கு இப்பால் நின்று, ஒரு சீட்டை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக் கொண்டு செல்கிறார். முன்பு பெரிய ஏட்டில் எழுதிய காலத்தில் தலையை நீட்டியாவது எட்டிப் பார்க்கலாம். இப்போது அதற்கும் வழியில்லை. எந்தச் சங்கத்தையும் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. கணினி வந்த பிறகு ஏடு முன்னிலும் மூடிப் போகக் கூடும் என்பதைச் சுட்டிக் காட்டுகிறேன்.

ஆதலின், சங்கத்தின் கூடத்தில் அங்கத்தினர் பக்கம் திரும்பிய இரண்டாவது திரை ஒன்று வேண்டும். அங்கத்தினர் தம் எண்ணைக் கொடுத்தால் இவ்வாண்டு வாங்கிய பட்டின் எடை, ஜரிகையின் எடை, கொடுத்த புடவைகள், கூலி, பிடித்தம், போனசு யாவும் தமிழில், பெரிய எழுத்தில் தெரிய வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்க்குக் கணினியே தமிழில் படித்துக் காட்டும் வசதியும் இன்று கிடைக்கிறது. தமிழில் கணினியை நடத்துவது ஒரு காலத்தில் தலைவேதனையாக இருந்தது. காரியாலயத்துக்குக் காரியாலயம் எழுத்துரு வேறு. ஒருவர் எழுதியது மற்றவர் திரையில் பொருளற்ற கீறல்களாகத் தெரியும். 1999-ல் விசைப்பலகைக்குப் பொது அமைப்பும், 2010-ல் யுனிகோடு எழுத்துமுறைக்கு அரசு அங்கீகாரமும் வந்தபின் அத்தொல்லை தீர்ந்தது. இனித் தமிழ்க் கணக்கைத் தமிழில் காட்டாமலிருக்கச் சாக்குக் கிடையாது.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். புதிய கணினிகளை வரிசையாக வாங்கி அடுக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. விண்டோஸ் 10 என்ற இயக்க முறைக்கு வழக்கமான பராமரிப்பை அதன் நிறுவனத்தார் 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்திவிட்டனர். அதற்கடுத்த முறையை ஏற்க இயலாத பழைய கணினிகளைக் காரியாலயங்கள் கழித்துக் கட்டுகின்றன. சென்னை ரிச்சி தெருவில் இத்தகைய கணினி, திரையும் விசைப்பலகையும் உட்பட, பத்து பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குப் பேரம் பேசி வாங்கலாம். அதன் பழைய தட்டுக்குப் பதில் புதிய வகைச் சேமிப்பகத்தைப் பொருத்தி, விலையில்லாத லினக்ஸ் இயக்க முறையை நிறுவினால் கணக்குக்கும் கடிதத்துக்கும் பல்லாண்டு உழைக்கும். அங்கத்தினர் பார்வைத் திரைக்கு இதுவுங்கூட வேண்டாம்; 2012-ல் இங்கிலாந்தில் வெளிவந்த ‘ராஸ்பெரி பை’ போன்ற, உள்ளங்கையில் அடங்கும் பலகை ஒன்று போதும். அது ஒரு சிறு விளக்கு எரியும் அளவு மின்சாரமே உண்ணும்.

மற்றொரு சொத்து நம் வீடுகளிலேயே உறங்குகிறது. தமிழ்நாடு அரசு 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, நமது காஞ்சி மண்ணில் பிறந்த அறிஞர் அண்ணாவின் பிறந்த நாளன்று, மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. பின்வந்த ஆண்டுகளில் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டவை வழங்கப்பட்டன. 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு வழங்கும் புதிய அறிவிப்பும் வந்தது. படிப்பு முடிந்த பிள்ளைகளின் பழைய மடிக்கணினிகள் பல வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. பெரும்பாலும் மின்கலம் செத்திருக்கும். அல்லது தட்டு பழுதாயிருக்கும். தனியொருவர் கடைக்குக் கொண்டு சென்றால், கடைக்காரர் புதிது வாங்கச் சொல்வார். நூறு அங்கத்தினர் வீட்டுக் கருவிகளுக்கு வேண்டிய மின்கலங்களைச் சங்கம் மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாதம் ஒரு நாள் பழுது பார்ப்பவரை வரவழைத்தால் செலவு எவ்வளவோ குறையும். பட்டு நூலை மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் சங்கத்திற்கு இது பெரிய வித்தையா?

விவசாய அங்கத்தினர்களின் நிலையும் இதைப் போன்றதே. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க ரூ. 2,516 கோடித் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022-ம் ஆண்டு ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது. கடன் கணக்குகள் மேலிடத்திற்குத் தெளிவாகத் தெரிய அது உதவும். கீழே நிற்கும் உழவனுக்கும் தெரிந்தால்தான் அது முழுமை பெறும். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல் போட முன்கூட்டி இணையத்தில் பதிய வேண்டியிருக்கிறது; சிட்டா, அடங்கல் விவரங்களை ஏற்ற வேண்டியிருக்கிறது. அறுவடை நேரத்தில் உழவர்கள் டவுனிலுள்ள தனியார் கடைகளில் ஒவ்வொரு தாளுக்கும் காசு கொடுத்துக் காத்துக் கிடக்கின்றனர். தங்கள் சங்கத்திலேயே இ-சேவை மையம் நடக்கும் ஊர்களில் இத்தொல்லை குறைவு. நடக்காத ஊர்களில் ஏன் நடக்கவில்லை என்று அங்கத்தினர் கேட்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய செலவு ஆள் செலவு. மேலூர் நிலையங்கள் மூடப்பட்டதும் எம்பலம் மையம் பேசப்பட்டதும் இதனால்தான். கணினியை வாங்கிய சங்கங்கள் சிலவற்றில் அது தலைவர் அறையில் உறை போர்த்தி வைக்கப்படுவதையும், ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் பெற்று மீண்டும் உறைக்குள் போவதையும் நாம் அறியாதவரல்லர். பயிற்சி பெற்ற ஒருவர், மாதச் சம்பளத்தில், அங்கத்தினர் கேட்பதற்குப் பொறுமையாக விடை கூறுபவராக அமர்ந்தாலன்றிக் கருவியால் பயனில்லை. அவர் நெசவாளர் குடும்பத்துப் பெண்ணாயிருப்பின் மிகவும் நன்று. நூல் சுற்றுவதிலும் பாவு பிணைப்பதிலும் பாதி உழைப்பைத் தரும் பெண்கள் சங்கப் படியேறத் தயங்குவதை அது மாற்றக் கூடும். இச்சம்பளம் ஒரு சங்கத்துக்குப் பாரமாயின், அருகருகே உள்ள இரண்டு மூன்று சங்கங்கள் பங்கிட்டுக் கொள்ளலாம். வடிவமைப்புக்காக இப்போது வெளியாருக்குச் செல்லும் தொகையில் ஒரு பகுதியும் இதற்கு உதவும்.

கணினி வந்தால் தறி போய்விடும் என்ற அச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. லியோன் நகரத்து நெசவாளரும் ஜக்கார்டைக் கண்டு அவ்வாறே அஞ்சினர். கணினி வடிவம் வரையும், கணக்கெழுதும், கடிதம் அனுப்பும். மூன்று நாடாக்களைக் கொண்டு இருவர் அமர்ந்து கரையையும் உடலையும் கோத்து நெய்யும் கோர்வையை அது நெய்யாது. தறியை ஒழிக்கும் ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. கூலி கட்டாமல் நம் பிள்ளைகள் தொழிற்சாலை வேலைக்குச் செல்வதால் வருகிறது. அப்பிள்ளைகளில் சிலரையேனும் வடிவமைப்பாளராகவும் விற்பனையாளராகவும் சங்கத்திலேயே இருத்திக் கொள்ள இச்சாதனம் பயன்படுமாயின், அதுவே தறிக்குக் காவல்.

அடுத்த பொதுப் பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பதற்காக அங்கத்தினர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கக் கூடிய தீர்மானம் இது: அங்கத்தினர் பக்கம் திரும்பிய திரை ஒன்று, வடிவக் கோப்புகளைச் சங்கத்தின் உடைமையாக வைக்கக் கணினி ஒன்றும், அதன் நகலைப் பூட்டி வைக்கப் பாங்குப் பெட்டகமும், வெளியாரிடம் வடிவம் வரைவிக்கும்போது மூலக் கோப்பைச் சங்கத்திடம் ஒப்படைத்தாலன்றிக் கூலி இல்லை என்ற விதி, மாதம் ஒரு நாள் பழுது பார்க்கும் ஏற்பாடு, ஊதியம் பெறும் பயிற்சியாளர் ஒருவர். கணினி அறையின் திறவுகோல் எவரிடம் இருக்கும் என்பதையும், தறி வேலை முடிந்து வருவோருக்காக மாலையிலும், பெண்களுக்காகப் பிற்பகலிலும் அறை எத்தனை மணி நேரம் திறந்திருக்கும் என்பதையும் தீர்மானத்திலேயே எழுதிவிடுவது நல்லது.